சின்ன ‘ர’ போட்ட அரம்

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இதை யாரிடமும் மறைத்ததில்லை. அதற்குப் பிறகு ஒன்றும் செய்யாதவன்தான் மறைக்க வேண்டும். எனக்குத் துவாக்குடியில் சொந்தப் பட்டறை இருக்கிறது. கைலாசபுரத்துப் பெரிய தொழிற்சாலைக்கு எங்களிடமிருந்தும் சாமான் போகிறது. பட்டம் வாங்கிய இன்ஜினியர்கள் தாளை விரித்து வைத்து, “சார், இந்த டிராயிங்கைக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க” என்று நிற்பார்கள். கோடு எங்கே தப்பாகப் போயிருக்கிறது என்று ஒரு பார்வையில் சொல்லிவிடுவேன். கோட்டில் எனக்குத் தகராறே இல்லை. எழுத்தில்தான்.

அப்படிப்பட்ட நான் அறுபத்தாறாம் வயதில் கவிஞன் ஆனேன். பட்டறையைப் பாதிக்கு மேல் மகன் பார்த்துக்கொள்கிறான். காலையில் கே.கே. நகர் வீட்டிலிருந்து நடக்கப் போவேன். கூட நடப்பவர் ஒருவர் வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். வெல்டிங் பொறியைப் பற்றி ஒரு நாள் ஏதோ சொல்லிக்கொண்டு வந்தேன். அவர் நின்றுவிட்டார். “ஐயா, நீங்க பேசுறதே கவிதை மாதிரி இருக்கு” என்றார். அவர் மரியாதைக்குச் சொன்னதாக என் வீட்டுக்காரி இன்றுவரை சொல்கிறாள். நான் அப்போதே நம்பிவிட்டேன். அன்று மத்தியானமே அவர் நடத்தும் வாட்ஸ்அப் கவிதைக் குழுவில் என்னைச் சேர்த்துவிட்டார்.

குழுவில் நூறு பேருக்கு மேல் இருந்தார்கள். கைலாசபுரத்துக் குடியிருப்பில் இருக்கும் அம்மாக்கள், ரயில்வேக்காரர்கள், உப்பிலியபுரத்து விவசாயி ஒருவர், வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்கள் என்று பலரும் உண்டு. காலை பத்து மணிக்குள் கவிதை போட்டுவிட வேண்டும். மற்றவர்கள் படித்துப் பதில் போட வேண்டும். வெறும் ‘அருமை’ என்று போடக்கூடாது, எந்த வரி ஏன் பிடித்தது என்று சொல்ல வேண்டும் என்பது மேனேஜர் வைத்த சட்டம். அதனால் சிலர் ‘மூன்றாம் வரி அருமை’ என்று போட்டுத் தப்பித்துக்கொள்வார்கள்.

குழுவில் எல்லோரும் பயப்படும் ஆள் ஒருவர்தான். ஸ்ரீரங்கத்தில் இருக்கிற, ஓய்வு பெற்ற தமிழ் டீச்சர். பூ, இதயம், கைதட்டல் எதையும் அனுப்ப மாட்டார். எழுத்துப் பிழை கண்ணில் பட்டால், கீழே ஒரு நட்சத்திரக் குறி போட்டுப் பக்கத்தில் சரியான சொல்லை எழுதுவார். அவ்வளவுதான். ‘இன்னைக்கு யாருக்கு நட்சத்திரம்?’ என்று மற்றவர்கள் தனியாக விசாரித்துக்கொள்வார்கள். பெரும்பாலும் எனக்குத்தான்.

நான் கவிதையைப் போனில் வாயால் சொல்வேன், அது எழுதிக்கொள்ளும். எங்கேயாவது அது தடுமாறினால் விரலால் அடிப்பேன். எந்த இடத்தில் சின்ன ‘ர’, எந்த இடத்தில் பெரிய ‘ற’ என்பது போனுக்கும் சரியாகத் தெரியாது, எனக்கும் தெரியாது. இரண்டு பேரும் சேர்ந்து நிறையச் செய்திருக்கிறோம். ஒரு தரம் ‘காவிரிக் கறையில் நின்றேன்’ என்று போட்டேன். உடனே நட்சத்திரம் வந்தது. ‘*கரை. கறை என்றால் அழுக்கு. அதுவும் காவிரியில் இருக்கிறது. ஆனால் நீங்கள் சொல்ல வந்தது அதுவல்ல.’ சிரித்தவர்கள் நாற்பது பேர். நான் கோபப்படவில்லை. என் கவிதைக்கு அதுவரை அத்தனை பேர் வந்ததில்லை.

இனி அந்தக் கவிதைக்கு வருகிறேன். ஒரு நாள் காலை, காபி ஆறிக்கொண்டிருக்கும்போது தானாக வந்தது.

*அப்பன் வைத்துவிட்டுப் போனது ஒன்றுமில்லை
என்னிடம் இருந்தது ஒரே ஒரு அரம்
அதை விடாமல் பிடித்துக்கொண்டேன்
அது தேயவில்லை, எதிரே நின்றதெல்லாம் தேய்ந்தது
என் உள்ளங்கையைப் பாருங்கள்
அதன் காய்ப்பு*

அரம் என்றால் இரும்பை ராவுகிற அரம். நான் தொழிலில் நுழைந்தபோது கைக்கு வந்த முதல் கருவி. பட்டறைகளில் இப்போது எல்லோரும் ஃபைல் என்கிறார்கள், எனக்கு வேலை சொல்லித்தந்த முதலாளி அரம் என்றுதான் சொல்வார். பிறகு சாமான் வாங்கிவரும் வேலை எனக்கு வந்தது. தட்டை அரம், உருட்டு அரம், முக்கோண அரம் என்று பல வருஷம் சீட்டில் எழுதியிருக்கிறேன். எந்தச் சொல்லில் நான் தடுமாறினாலும் இந்தச் சொல்லில் தடுமாற மாட்டேன். இந்த ஒரு சொல்லுக்கு நான்தான் வாத்தியார். போனில் வாயால் சொன்னபோது அது ‘அறம்’ என்று எழுதியது. அழித்தேன். மறுபடி ‘அறம்’. மறுபடி அழித்துவிட்டு, சின்ன ‘ர’வைத் தேடி என் விரலால் அடித்தேன்.

போட்ட கொஞ்ச நேரத்தில் நட்சத்திரம் விழுந்தது. ‘*அறம். அருமையான கவிதை, ஐயா.’

அந்த டீச்சர் யாருக்கும் ‘அருமை’ என்று எழுதி யாரும் பார்த்ததில்லை. குழு கலகலத்துப்போனது. ‘ஒரே ஒரு அறம்! இதற்கு மேல் ஒரு மனிதனுக்கு என்ன சொத்து வேண்டும்?’ என்றார் ரயில்வேக்காரர். ‘எதிரே நின்ற தீமையெல்லாம் தேய்ந்தது என்கிறார்’ என்று உப்பிலியபுரத்து விவசாயி விளக்கம் எழுதினார். ‘அறத்தின் காய்ப்பு! என்ன ஒரு படிமம்!’ என்று கைலாசபுரத்து அம்மா ஒருவர். படிமம் என்றால் என்ன என்று மகனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். மேனேஜர் போனிலேயே கூப்பிட்டார். “ஐயா, குழு சார்பா புத்தகம் போடுறோம்ல, உங்க கவிதைதான் முதல் பக்கம். முடிவு பண்ணியாச்சு.”

அது அரம்தான் என்று முதலில் சொல்லலாம் என்று நினைத்தேன். பிறகு நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். இரண்டு நாள் ஓடியது. உண்மையைச் சொல்கிறேன், அந்த இரண்டு நாளும் தரையில் கால் படவில்லை. சம்பந்தி வீட்டுக்குப் போன் போட்டு முதல் பக்கத்தைப் பற்றிச் சொன்னேன். அவரும் படித்தவர். “அறத்தைப் பத்தியா எழுதியிருக்கீங்க?” என்று கேட்டார். “ஆமாங்க” என்றேன். உடனே வேறு பேச்சுக்குத் தாவிவிட்டேன்.

மூன்றாம் நாள் காலை மேனேஜர் முதல் பக்கத்தின் படத்தை அனுப்பினார். பெரிய எழுத்தில் ‘அறம்’ என்று தலைப்பு, அதற்குக் கீழே கவிதை. சாயங்காலம் அச்சுக்குப் போகிறது என்று எழுதியிருந்தார். வீட்டுக்காரியிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள்.

“இது யாரு எழுதுனது?”

“நான்தான்.”

“நீங்க அரத்தைப் பத்தில்ல எழுதுனீங்க? அன்னைக்கு அடுப்படியில வந்து படிச்சுக் காட்டும்போது கையை முன்னாடி பின்னாடி ஆட்டிக் காட்டுனீங்களே.”

“திருத்திட்டாங்க.”

“அப்ப இது அவங்க கவிதை. நீங்க ஃபைல்னு போட்டிருந்தா இந்த வம்பே இல்லை.”

“ஃபைல்னு போட்டா ஆபீஸ் ஃபைல்னு நினைச்சுக்குவாங்கடி.”

“நினைச்சா என்ன, அதுவும் உங்ககிட்ட இல்லாதது இல்லையே” என்று சொல்லிவிட்டுக் குக்கரைப் பார்க்கப் போய்விட்டாள்.

என் பட்டறையில் நான் செய்யாத சாமானில் என் முத்திரையைக் குத்தியதில்லை. அந்தக் கணக்கில் பார்த்தால் முதல் பக்கத்தில் இருப்பது என் சாமான் இல்லை. மேனேஜரைக் கூப்பிட்டேன்.

“ஐயா, தயவு பண்ணி விட்டுடுங்க” என்றார் அவர். “அறம்னு இருக்கிறதாலதான் முதல் பக்கம். அரம்னா பின்னாடி ‘தொழில் கவிதைகள்’னு ஒரு பகுதி இருக்கு, அங்கதான் போடணும். டீச்சரம்மா ஒத்துக்கிட்டா மாத்துறேன். சாயங்காலத்துக்குள்ள சொல்லுங்க.”

டீச்சரைக் கூப்பிட்டேன். எழுத்தில் அவ்வளவு கறாராக இருப்பவருக்குப் போனில் ஸ்ரீரங்கத்து வீட்டுப் பேச்சு வந்துவிடும்.

“அம்மா, அது அரம்தாங்க. சின்ன ர.”

“சின்ன ‘ர’, பெரிய ‘ற’ன்னெல்லாம் கிடையாது, ஐயா. இடையினம், வல்லினம்.”

“சரிங்க. என்னோடது இடையினம்.”

“போன வாரம் மரத்துக்கு வல்லினம் போட்டேளே, அதுவும் வேணும்னே போட்டதுதானா?”

“அது தப்புங்க. இது தப்பில்லீங்க.”

“எல்லாரும் இப்படித்தான் சொல்வா. அறம்னு இருக்கறச்சே அந்தக் கவிதை எங்கேயோ உசரத்துக்குப் போறது. நீங்க ஏன் அதைக் கீழே இழுக்கறேள்?”

கீழே என்று சொன்னதும் எனக்கு எங்கோ சுட்டது.

“கீழே இல்லீங்கம்மா. என் கையில இருக்கு” என்றேன். வைத்துவிட்டேன்.

இந்த மாதிரி நேரத்தில் எழுதிப் புரியவைக்க என்னால் ஆகாது. எழுதினால் அதிலும் நான்கு நட்சத்திரம் விழும். நேரே பட்டறைக்குப் போனேன். இத்தனை மெஷின் வந்த பிறகும் விளிம்பில் பிசிறு எடுக்க அரம் வேண்டும், மேஜையிலேயே கிடந்தது. ஒரு இரும்புத் துண்டை, மேஜையில் பொருத்திய வைஸின் தாடைக்குள் இறுக்கினேன். பக்கத்து மெஷினை நிறுத்தச் சொன்னேன். போனை அருகில் வைத்து, குரல் பதிவை அழுத்திவிட்டு ராவ ஆரம்பித்தேன். ஒரு நிமிஷம். ஒரு வார்த்தை பேசவில்லை. அப்படியே குழுவில் போட்டேன்.

வந்த பதில்களைக் கேளுங்கள். ‘ஐயா, நெட்வொர்க் சரியில்லை. கர்ர்னு சத்தம் மட்டும்தான் வருது’ என்றார் ரயில்வேக்காரர். ‘தேங்காய் துருவுறீங்களா?’ என்று கைலாசபுரத்து அம்மா. ‘போன் பாக்கெட்டுல இருக்கும்போது தவறி அழுத்திட்டீங்கபோல’ என்று உப்பிலியபுரத்தார். கவிதையில் அறத்தைக் கண்டுபிடித்தவர்களுக்கு அரத்தைக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை.

அப்போது ஒரு குரல் பதிவு வந்தது. பாலக்கரைக்காரர், முஸ்லிம் தம்பி ஒருவர், சவூதியில் தம்மாமில் ஃபிட்டராக இருக்கிறார். மாதத்துக்கு ஒரு கவிதை போடுவார், மற்றபடி வாய் திறக்க மாட்டார்.

“மாஷா அல்லாஹ், ஐயா! இது தட்டை அரம்தானே? முன்னாடி தள்ளும்போது அழுத்துறீங்க, இழுக்கும்போது லேசா தூக்கிடுறீங்க. ரெண்டு சத்தமும் தனித்தனியா கேக்குது. சுத்தமான கை. அப்ப அந்தக் கவிதையில வர்றது இந்த அரமா? நான் அறம்னு படிச்சுட்டு லைக் மட்டும் போட்டேங்க, மெய்யாலுமே ஒண்ணும் புரியலை. இப்பதான் புரியுது. உள்ளங்கைக் காய்ப்பு எனக்கும் இருக்கு.”

அந்தப் பதிவை நான்கு தரம் கேட்டேன். பட்டறையில் இருந்தவர்களுக்கும் போட்டுக் காட்டினேன். எங்கோ கடல் தாண்டி இருக்கிற ஒருவர் என் கையைக் காதால் பார்த்துவிட்டார். முதல் பக்கம் என்ன பெரிய முதல் பக்கம்!

அதற்குள் அவரிடமிருந்து இரண்டாவது பதிவு. “ஐயா, தப்பா நினைச்சுக்காதீங்க. ஒண்ணு சொல்லணும். அது தேயலைன்னு எழுதியிருக்கீங்களே. அரமும் தேயும்லங்க?”

பட்டறையில் ஒருவர் சிரித்துவிட்டார். எத்தனை அரம் பல் மழுங்கி நானே தூக்கிப் போட்டிருக்கிறேன்! பெருமையில் அதை மறந்து எழுதியிருக்கிறேன். டீச்சர் போட்ட நட்சத்திரமெல்லாம் எழுத்துக்கு. இதுதான் என் கவிதைக்கு விழுந்த முதல் நட்சத்திரம். அங்கேயே உட்கார்ந்து அந்த வரியை மாற்றினேன்.

*அதுவும் தேய்ந்தது, எதிரே நின்றதும் தேய்ந்தது*

மாற்றிய கவிதையைக் குழுவில் போட்டேன். டீச்சர் ‘டைப்பிங்’ என்று வந்தது, போனது, மறுபடி வந்தது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம் என்று பிறகு பேசிக்கொண்டார்கள். கடைசியில் நட்சத்திரம் விழுந்தது, அவர் முன்பு எழுதியதற்குக் கீழேயே.

‘*அரம். அறம் தேயாது. தேய்வதால் இது அரமே. பிழை என்னுடையது.’

குழு தொடங்கிய நாளிலிருந்து அவர் தனக்குத்தானே போட்டுக்கொண்ட ஒரே நட்சத்திரம் அது. ரயில்வேக்காரர் படம் பிடித்து வைத்திருக்கிறார். நானும் வைத்திருக்கிறேன், இரண்டு போனிலும்.

சாயங்காலம் புத்தகம் அச்சுக்குப் போனது. என் கவிதை சொன்னபடி ‘தொழில் கவிதைகள்’ பகுதிக்கு, இருபத்து மூன்றாம் பக்கத்துக்குப் போய்விட்டது. முதல் பக்கத்தில் அம்மாவைப் பற்றி ஒருவர் எழுதியதைப் போட்டார்கள். நல்ல கவிதைதான். ஆனால் அம்மாவைப் பற்றி யார் வேண்டுமானாலும் எழுதலாம். அரத்தைப் பற்றி எழுத அந்தக் குழுவில் என்னை விட்டால் பாலக்கரைத் தம்பிதான், அவரும் தம்மாமில் இருக்கிறார். சம்பந்திக்கு மறுபடி போன் போட்டு, “அறம் இல்லீங்க, அரம். இருபத்து மூணாம் பக்கம்” என்று சொன்னேன். இந்தத் தடவை பேச்சை மாற்றவில்லை.

ஸ்ரீரங்கத்தில் ஒரு சின்ன மண்டபத்தில் வெளியீடு நடந்தது. டீச்சரை அன்றுதான் நேரில் பார்த்தேன். போனில் கேட்ட குரலுக்கு நான் நினைத்ததைவிடக் குள்ளமாக இருந்தார். “எங்கே, கையைக் காட்டுங்கோ” என்றார். காட்டினேன். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, விடைத்தாள் பார்க்கிற மாதிரி பார்த்தார். “ம். பிழையில்லை” என்றார். நான் தொழிற்சாலையில் வாங்கிய எந்தச் சான்றிதழுக்கும் இப்படி நெஞ்சு நிமிர்ந்ததில்லை.

இதையெல்லாம் எழுதிக் கொடுங்கள் என்று குழுவில் கேட்டதால் எழுதினேன். அச்சுக்குக் கொடுக்குமுன் டீச்சரிடம்தான் அனுப்பினேன். ‘ஒரு சொல்லை மட்டும் தொடாதீங்கம்மா’ என்று கூடவே எழுதி அனுப்பினேன். நிறையத் திருத்தியிருந்தார். ஆனால் அரம் வரும் இடமெல்லாம் நான் போட்டது போட்டபடி இருந்தது. தலைப்புக்குக் கீழே மட்டும் ஒரு நட்சத்திரம்: ‘*இடையின ர.’

தலைப்பை நான் மாற்றவில்லை.