ஈசல் புறப்பட்ட பக்கம்

காரிமங்கலத்துக்குக் கிழக்கே இருந்த எங்கள் மானாவாரி நிலத்தை அப்பாவும் பெரியப்பாவும் பாகம் பிரித்துக்கொண்டபோது, புதிய வரப்பு ஒரு கரையான் புற்றின் மேல் ஏறி இறங்கியது. பாதிப் புற்று எங்களுக்கு, பாதி அவர்களுக்கு. அதன் பின் இரு வீடுகளுக்கும் பேச்சு நின்றது. பெரியப்பா மகன் என்னைவிடச் சற்று மூத்தவன். அண்ணன் என்றே அழைப்பேன். அதுவரை ஒரே தட்டில் களி தின்ற நாங்கள் இருவரும் இனிப் பேசக் கூடாது என்று உத்தரவாயிற்று. அரசிக் கரையான் எந்தப் பாகத்தில் வருகிறது என்று அப்பாவிடம் கேட்டு அடி வாங்கியது நினைவிருக்கிறது.

புரட்டாசியில் ஒரு பிற்பகல் மழை கொட்டி ஓய்ந்தது. காற்று நின்று புழுக்கம் ஏறியது. இன்று ஈசல் புறப்படும் என்று ஊருக்கே தெரிந்துவிட்டது. நாங்கள் தனிக்குடித்தனம் போன முதல் ஆண்டு அது.

"அவங்க வூட்ல ஈசல் வறுக்கற வாசம் வந்து, நம்ம வூட்டுச் சட்டி காலியா கெடந்துச்சுன்னா, நான் கெணத்தடிக்குத் தண்ணிக்குப் போக முடியாது, பாத்துக்க" என்று அம்மா ஒரு குடத்தை என்னிடம் நீட்டினாள். குடும்ப மானம் குடத்தோடு என் தலையில் ஏறியது.

எங்கள் பக்கத்துப் புற்றுக்கண்களில் பெரியதை மட்டும் விட்டு, மற்றவற்றைச் சேற்றால் அடைத்தேன். பழைய கம்பளியை மேலே கூடாரமாகப் போர்த்தி, ஒரு மூலையில் வெளிச்சத்துக்கு வழி விட்டு, அதன் அடியில் குடத்தைக் கழுத்துவரை புதைத்தேன். வரப்புக்கு அப்பால் அண்ணனும் அதையே செய்துகொண்டிருந்தான். நாங்கள் ஒருவரையொருவர் பார்க்காமலே மிகக் கவனமாகப் பார்த்துக்கொண்டோம்.

ஈசல் வரவில்லை. எனக்குப் பொறுமையும் இல்லை. அடைபட்டிருக்குமோ என்று ஒரு குச்சியை எடுத்துப் புற்றுக்கண்ணைக் குடைந்தேன். பெரிய தலைகளோடு காவல் கரையான்கள் ஓடி வந்தன. அவற்றின் பின்னால் வேலைக்காரக் கரையான்கள் ஈரமண்ணைக் கொண்டுவந்து, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வழியைப் பூசி மூடின.

அடுத்த நொடி அப்பால் அண்ணனின் கம்பளி சலசலத்தது. ஓரங்களையெல்லாம் பிய்த்துக்கொண்டு ஈசல் புகைபோல எழுந்தது. எங்கிருந்துதான் அத்தனை உயிர்கள் வந்தனவோ! கரிச்சான்கள் வானத்தில் குட்டிக்கரணம் அடித்தன. மைனாக்கள் வரப்பெல்லாம் இறங்கின. வேலிக்கள்ளியிலிருந்து ஓணான்கள் குதித்தோடி வந்தன. கேழ்வரகுப் பயிருக்குள்ளிருந்து தேரைகள் தத்தித் தத்தி வந்து வாய் திறந்து உட்கார்ந்தன. உதிர்ந்த சிறகுகளை எறும்புகள் பாய்மரம்போல் தூக்கிச் சென்றன. ஒரு கீரிகூட எங்களை மனிதராகவே மதிக்காமல் நடுவில் வந்து தின்றது. இங்கே நான் காலிக் குடத்தோடு அழத் தயாராக நின்றேன்.

"டேய்! அங்க என்னாடா மொறச்சிக்கினு நிக்கற? தாண்டி வாடா! எனக்கு ரெண்டு கை பத்தல!"

"எங்கப்பா தோல உரிச்சிடும்."

"உங்கப்பாவுக்கு முன்னாடி கீரி தின்னு தீத்துடும்டா, வெண்ண!"

புதைத்த குடத்தைப் பிடுங்கிக்கொண்டு தாண்டிவிட்டேன். மடியிலும் குடத்திலும் வாரினோம், ஓணானைத் துரத்தினோம், ஈசல் காதுக்குள் போக, அவன் ஒற்றைக் காலில் குதித்ததைப் பார்த்துச் சிரித்துச் சேற்றில் விழுந்தேன். எல்லாம் அடங்கியபோது அவன் தன் குடத்திலிருந்து பாதியை என் குடத்தில் கவிழ்த்தான்.

அன்றிரவு எங்கள் வீட்டுச் சட்டியிலும் ஈசல் பொரிந்தது.

"எந்தப் பக்கம்டா வந்துச்சு?" என்றாள் அம்மா.

"புத்துலேந்துதாம்மா" என்றேன். அவள் என் தட்டில் இன்னொரு பிடி அள்ளி வைத்தாள்.

பிற்காலத்தில் கல்லூரியில் சூழலியல் கற்பித்தேன். மண்ணுக்கு மேலே எத்தனை வரப்பு போட்டாலும் கீழே அது ஒரே கூடு என்றும், ஒரு வாயை அடைத்தால் மறுவாய் திறக்கும் என்றும், ஒரு கூட்டின் அரைமணி நேரப் பயணத்தில் எத்தனை வயிறுகள் நிறைகின்றன என்றும் ஆண்டுதோறும் கரும்பலகையில் வரைந்து காட்டினேன். அந்தச் சிறுவனுக்கு இவையொன்றும் தெரியாது. ஆனால் இவை படித்தால் தெரிந்துவிடுகிறவை.

சென்ற மாதம் அண்ணனை அந்த நிலத்திலேயே அடக்கம் செய்தோம். எல்லாரும் போன பின் வரப்பில் தனியே உட்கார்ந்திருந்தபோதுதான் ஒன்று புலப்பட்டது. வெளிச்சத்தை நோக்கி வரும் ஈசல் தானாகவே புதைத்த குடத்தில் விழும். அதைப் பிடிக்க இரண்டு கை என்ன, ஒரு கைகூடத் தேவையில்லை. அன்று அவன் என்னை வேலைக்கு அழைத்தான் என்றே இத்தனை காலமும் நம்பியிருந்தேன்.