சட்டைப்பையில் ஓர் இறக்கை

அம்மா தேயிலைத் தோட்டத்துத் துரை பங்களாவில் கூட்டித் துடைக்கும் வேலை செய்தார். துரையின் மகன் உடைத்துப் போட்ட சின்ன விமானம் ஒன்றை அங்கிருந்து எனக்குக் கொண்டுவந்து தந்தார். சாம்பல் நிறம். ஓர் இறக்கை அடியோடு போயிருந்தது. எனக்கு அப்போது எட்டு வயது.

அதை வைத்து ஒரு தோட்டமே கட்டினேன். தேயிலைப் பெட்டியின் மூடிதான் தரை. தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரைப் பாசியைப் பெயர்த்து வந்து தேயிலை மலை ஆக்கினேன். தீப்பெட்டிகளை அடுக்கியதும் எங்கள் லயத்து வீட்டு வரிசை வந்துவிட்டது. ஆற்றுக்கு ஈயத்தாள். வீட்டு ஆட்களுக்கு ஆளுக்கொரு தீக்குச்சி. காலையில் கணக்கப்பிள்ளை போலக் குச்சிகளை வரிசையில் நிறுத்தி, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டு எடுப்பேன். நானே பெயர் கூப்பிட்டு நானே பதிலும் சொல்வேன்.

விமானத்தைத்தான் நிறுத்த முடியவில்லை. இறக்கை இல்லாத பக்கம் சாய்ந்துகொண்டே இருந்தது.

"ஒத்த றெக்கைல எங்க பறக்கும்? ஆத்துலதான் விழும்," என்று அண்ணன் சிரித்தான்.

லயத்தில் எங்களுக்குப் பக்கத்துக் காம்பராவில் அப்பாவின் தங்கை இருந்தார். அத்தைக்குப் பிள்ளை இல்லை. எனக்குத் தலை வாரிவிடுவதும், காய்ச்சல் வந்தால் பக்கத்தில் படுப்பதும் அவர்தான். எந்த நாட்டுக் குடியுரிமை வேண்டும் என்று கேட்டதற்கு மாமா இந்தியாவுக்கு எழுதிப் போட்டிருந்தார், அப்பா இலங்கைக்கு. அந்த மாதம் அத்தைக்கும் மாமாவுக்கும் பாஸ்போர்ட் வந்துவிட்டது.

"எதுல போவீங்க அத்தை?" என்று கேட்டேன்.

அத்தை என் கையில் இருந்ததைப் பார்த்தார். "இதுலதான்டி. மொதல்ல இத ரிப்பேர் பண்ணணும்."

சொன்னபடியே பெட்டிப் பலகையில் ஒரு சில்லை எடுத்து, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியால் இறக்கை சீவி, கோதுமை மாவைக் காய்ச்சி ஒட்டினார். விமானம் நேராக நின்றது. அத்தை, தன் பெயருக்கு நான் வைத்திருந்த குச்சியைத் தானே எடுத்து விமானத்தின் ஜன்னல் ஓட்டைக்குள் செருகினார்.

அவர்கள் புறப்படும் நாள், பெரட்டுக்கு அடிக்கும் தப்புச் சத்தம் கேட்பதற்கு முன்பே எழுந்துவிட்டேன். அத்தை ஒட்டிய இறக்கையைப் பிய்த்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. இன்றுவரை சொன்னதில்லை.

அட்டன் ஸ்டேஷனில் ஒரே ஒப்பாரி. கழுத்தைக் கட்டிக்கொண்டு விடாதவர்களை ஆட்கள் பிரித்து இழுத்தார்கள். அப்பா அழுது நான் பார்த்தது அன்றுதான். எனக்கு மட்டும் பயமே இல்லை. விமானம்தான் பறக்காதே. ரயில் என்றால் போகும், திரும்பி வரும். அட்டனில் யாருக்குத்தான் அது தெரியாது?

அத்தை என் முகத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டார். "என்னடி, அத்தைக்காக அழ மாட்டியா?"

"எதுக்கு அழணும்? நீங்கதான் வந்துருவீங்களே."

"கல்லு நெஞ்சுக்காரி," என்று அம்மா என் தொடையில் கிள்ளினார். அப்போதும் அழவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அத்தையின் குச்சியை விமானத்திலிருந்து உருவி வரிசையில் நிறுத்தினேன். மறுநாள் பெரட்டில் கூப்பிட்டேன். அதற்கு மறுநாளும் கூப்பிட்டேன். தலைமன்னார் வரைக்கும் ரயில், அங்கிருந்து கப்பல் என்று அப்பா சொன்னது அதற்குப் பிறகுதான். எங்களுக்குத் திரும்ப அத்தையைப் பார்க்கக் கிடைக்கவில்லை.

அன்று அட்டனில் ரயில் நகரும்போது அத்தை ஜன்னலில் பாதி உடம்பை வெளியே நீட்டி, மற்ற எல்லோரையும் விட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு போனார். எதற்கு அப்படிப் பார்க்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. சட்டைப்பைக்குள் இறக்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நான் சிரித்துக்கொண்டே கை காட்டினேன்.