செட் மாத்திரை

ஆறு பேரோடு ஒரே அறையில் குடியிருந்தும் ஆளில்லாமல் வாழலாம். ஒரகடத்தில் முப்பிடாதி மூன்று வருஷமாக அப்படித்தான் வாழ்ந்தான். கடையநல்லூர்ப் பக்கத்திலிருந்து கார் உதிரிபாகக் கம்பெனிக்கு வந்தவன். அறையில் ஆளுக்கொரு ஷிப்ட். தூங்குகிறவன் திட்டுவானே என்று விளக்கைப் போடாமல் சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

போன ஆடியில் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. லீவு போட்டால் வேலை நிரந்தரமாகாது என்ற பயம். மெடிக்கலில், "காய்ச்சலுக்கு ஒரு செட் குடுங்கண்ணே" என்றான். அட்டையிலிருந்து கத்தரித்த மாத்திரைகள், பேர் தெரியாமல், காகித உறையில் வந்தன. மேல்வலிக்குக் கம்பெனி முதலுதவி அறையில் வேறு மாத்திரை. சளிக்குப் பெட்டிக்கடையில் இன்னொன்று. நிறம் வேறென்றால் மருந்தும் வேறு என்று நம்பினான், பாவம். எதைச் சாப்பிடுகிறாய் என்று கேட்க ஒரு நாதியில்லை. ஐந்து நாளாகச் சோறு இறங்கவில்லை. மாத்திரை மட்டும் வேளை தவறாமல் இறங்கியது.

ஆறாம் நாள் மதியம் சாப்பிட உட்கார்ந்து பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றினான். கேன்டீனில் பரிமாறும் அம்சவல்லி கரண்டியோடு நின்றுவிட்டாள்.

"இன்னாபா, கண்ணு இப்டி மஞ்சளா கீது?"

"ஒண்ணுமில்லக்கா, மேலுக்கு முடியல" என்றவன், அங்கேயே வாந்தியெடுத்தான். சூப்பர்வைசரிடம் சண்டை பிடித்து, அவளே ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

டாக்டர் அவன் பையிலிருந்த மாத்திரைகளைப் பார்த்துவிட்டு, மெடிக்கலுக்கும் கம்பெனிக்கும் போன் போட்டு விசாரித்தார். பிறகு தலையில் கை வைத்துக்கொண்டார்.

"எல்லாத்துலயும் பாராசிட்டமால்தாம்மா. அளவா போட்டா கல்லீரல் சமாளிச்சுக்கும். மீறினா, அது உடைஞ்சு உண்டாகுற விஷம் கல்லீரலையே அரிச்சிடும். அதை முறிக்கிற சத்தும் பட்டினியில தீர்ந்துபோச்சு. மாற்றுமருந்து ஏத்துறோம். ஆனா விஷம் மூளைக்கு ஏறினா உயிருக்கே ஆபத்து. பேச்சுதான் முதல்ல மாறும்."

கட்டிலில் முப்பிடாதி மெல்ல ஏதோ முனகினான்.

"இவர் எப்பவும் இப்படித்தான் பேசுவாரா?"

அம்சவல்லி விழித்தாள். "எனுக்குத் தெர்லியே சார். 'போதும்க்கா'ன்னு மட்டுந்தான் சொல்லும் இந்தப் புள்ள."

அவன் போனிலிருந்தே அறைக்கூட்டாளி தளவாயைக் கூப்பிட்டுக் கேட்டாள்.

"அவன் பேசி நான் கேட்டதில்லக்கா. அவன் எந்திச்சுப் போற பாயிலதான் நான் வந்து படுப்பேன். அஞ்சு நாளா பாய் சூடா கெடந்துச்சு. அது மட்டுந்தான் தெரியும்."