பூஜையில் வைத்த ஸ்பேனரும் கஸ்தூரியின் பிரேக்கும்

1. எலுமிச்சம்பழம்

பிரேக் பெடல் பஞ்சு மாதிரி அமுங்குகிறது என்று யாராவது வண்டியைக் கொண்டுவந்தால், நம் ஆட்களில் பாதிப் பேர் வண்டியைப் பார்ப்பதற்கு முன்பே பதில் சொல்லிவிடுவார்கள்: "ஏர் புடிச்சிருக்கும், ஏர் எடுத்துடு." மீதிப் பேர், "மாஸ்டர் சிலிண்டர் போச்சு, மாத்திடு." இந்த இரண்டையும் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. ஏர் இருக்கலாம். அது ஏன் வந்தது, ஏன் போகமாட்டேன் என்கிறது என்று கேட்பதற்குத்தான் நமக்கு மெக்கானிக் என்று பெயர். தொழிலுக்குப் புதிதாக வந்தவர்களுக்காகப் போன ஆயுத பூஜையன்று நடந்ததை எழுதுகிறேன்.

எங்கள் ஒர்க்‌ஷாப் கரையான்சாவடியில் மெயின் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. நானும் என் மனைவியின் தம்பி தனசேகரும் சேர்ந்து நடத்துகிறோம். இன்ஜின், பிரேக் எல்லாம் என் பக்கம். டிங்கரிங், பெயிண்டிங் அவன் பக்கம். அன்று மதியம் பூஜை முடிந்து, பூசணிக்காய் உடைத்து, பொரி கடலை கொடுத்து, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டோம். அப்போது கஸ்தூரி வந்தாள். கள்ளிக்குப்பத்துக்காரி, சொந்தமாக ஒரு சின்ன கார் வைத்து டாக்ஸி ஓட்டுகிறாள். அவள் வண்டிக்கு ஆரம்பத்திலிருந்தே நான்தான் வேலை பார்க்கிறேன். அன்று வண்டி ஊர்ந்து வந்தது. ஹேண்ட் பிரேக்கை இழுத்துத்தான் நிறுத்தினாள்.

"அண்ணா, பூஜ முடிச்சிட்டு எலுமிச்சம்பழத்து மேல வண்டிய ஏத்துனேன். பிரேக்க அமுத்துனா கால் உள்ள போய்கினே கீது. எதிர் ஊட்டு கேட்டாண்ட போயிதான் நின்னுச்சு."

பூஜைக்காகப் பெயிண்ட் அடிக்க விட்டிருந்த வண்டியை முந்தின நாள்தான் எங்களிடமிருந்து எடுத்துப் போயிருந்தாள். தனசேகரைப் பார்த்தேன்.

"நேத்தே லேசா அப்டித்தான் இருந்துச்சு மாமா. ஓட்ட ஓட்ட செட் ஆயிடும்னு சொன்னேன்," என்றான்.

செட் ஆக அது என்ன புதுச் செருப்பா? வாய் வரை வந்தது, நல்ல நாள் என்று அடக்கிக்கொண்டேன்.

கஸ்தூரி அவசரத்தைச் சொன்னாள். மறுநாள் விடியற்காலையில் திருப்பதி. தங்கச்சி குழந்தைக்கு மொட்டை அடித்துக் காது குத்த வேண்டும். குடும்பமே அவள் வண்டியில்தான் போகிறது. மலைப் பாதையில் அவள் ஓட்டப்போவது அதுதான் முதல் தடவை. தங்கச்சி வீட்டுக்காரருக்கு அதில் விருப்பமில்லை. பொம்பளை ஓட்டி மலையில் இருந்து இறங்குவதா என்று வேறு வண்டி பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"அவுரு சொல்றதுக்காக நான் வீம்புக்கு ஏற மாட்டேன் அண்ணா. கொழந்தைய வெச்சிகினு இந்த பிரேக்கோட மலை எறங்க முடியாது. சரி பண்ண முடியுமா, முடியாதா, அத மட்டும் சொல்லுங்க. முடியாதுன்னா இப்பவே போன் போட்டு வேற வண்டி எடுத்துக்க சொல்லிடறேன்."

எனக்கு அவளை அப்போது மிகவும் பிடித்துப்போனது. ரோஷத்துக்காக உயிரோடு விளையாடும் டிரைவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

2. மறுபூஜை

முதலில் ஒரு கருவியும் இல்லாமல் பார்க்க வேண்டியதைப் பார்த்தேன். இன்ஜினை அணைத்துவிட்டுப் பெடலை நாலைந்து முறை மிதித்தேன். மிதிக்க மிதிக்க மேலே ஏறியது. ஏறிய இடத்தில் அழுத்திப் பிடித்தேன். கீழே இறங்கவில்லை, அங்கேயே நின்றது. காலின் அழுத்தத்தை ஆயிலுக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டர் உள்ளே தேய்ந்திருந்தால் பிடித்த கால் மெதுவாக இறங்கிக்கொண்டே போகும். இது இறங்கவில்லை, ஆகவே மாஸ்டர் சிலிண்டர் நன்றாக இருக்கிறது. டப்பாவில் பிரேக் ஆயில் அளவு சரி. நாலு சக்கரத்திலும் கசிவு இல்லை. எங்கோ காற்று நிற்கிறது. ஆயில் அமுங்காது, காற்று அமுங்கும். காலுக்குக் கீழே பஞ்சு மாதிரித் தெரிவது அந்தக் காற்றுதான்.

"எட்றா ஸ்பேனர," என்றேன்.

தனசேகர் அசையவில்லை. எங்கள் ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர், ஜாக்கி எல்லாம் சிவப்புத் துணிமேல் வரிசையாகச் சந்தனப் பொட்டும் குங்குமமுமாக இருந்தன. பூஜையில் வைத்ததை மறுநாள் காலையில் மறுபூஜை போட்ட பிறகுதான் எடுப்பது வழக்கம்.

"நாளிக்கு காலைல எடுத்துக்கலாம் மாமா. சாமி காரியம்."

"அவ விடியறதுக்கு முன்னாடியே கெளம்பறாடா."

"வேற யார்கிட்டயாவது வாங்கி..."

யாரிடம் வாங்குவது? அன்றைக்குக் கரையான்சாவடியில் உள்ள அத்தனை ஸ்பேனரும் பொட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. எனக்கும் சாமி பயம் உண்டு. ஆனால் குழந்தையோடு மலை ஏறுகிறவள் வாசலில் நிற்கும்போது ஸ்பேனரை எடுக்காதே என்று எந்தச் சாமியும் சொல்லாது என்பது என் கட்சி.

"கற்பூரம் ஏத்து. மறுபூஜய இப்பவே போட்டுக்கலாம்," என்றேன்.

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஏற்றினான். நான் கன்னத்தில் போட்டுக்கொண்டு ஸ்பேனரை எடுத்தேன். சந்தனத்தைப் பழைய துணியால் துடைத்ததை அவன் பார்த்த பார்வை இருக்கிறதே, நான் ஏதோ கோயில் உண்டியலை உடைத்தது போல இருந்தது.

3. முட்டி வலி

கஸ்தூரியை டிரைவர் சீட்டில் உட்காரவைத்து மிதிக்கச் சொன்னேன். அவள் மிதித்துப் பிடிக்க, காற்றை வெளியே விடும் சின்னத் திருகான நிப்பிளை நான் திறந்து மூட, ட்யூப் வழியாக ஆயில் பாட்டிலில் விழுந்தது. பின் சக்கரங்கள் சுத்தம். முன் சக்கரங்களும் சுத்தம். ஒரு குமிழி கூட இல்லை. எழுந்துபோய் மிதித்துப் பார்த்தால் அதே பஞ்சு.

மறுபடி எடுத்தேன். மறுபடி அதே பஞ்சு. பின் பிரேக் ஷூவை அட்ஜஸ்ட் செய்தேன், மாற்றமில்லை. தனசேகர் தூணில் சாய்ந்துகொண்டு, "நல்ல நாள்ல எடுக்காதன்னு சொன்னேன்," என்று ஆரம்பித்தான். எனக்கு வந்த கோபத்தில் ஸ்பேனர் பறந்திருக்கும். பூஜை ஸ்பேனர் என்பதால் தப்பித்தான்.

பிறகு சக்கரங்களுக்கு ஆயில் கொண்டுபோகும் ஹோஸ்களை ஒவ்வொன்றாகக் கிளாம்ப் போட்டு அமுக்கிப் பார்த்தேன். பின்னால் அமுக்கினால் பெடலில் மாற்றமில்லை. முன்னால் இரண்டையும் அமுக்கியதும் பெடல் கல் மாதிரி நின்றது. இடது பக்கத்தை விட்டால் பாதி இறங்கியது. வலதையும் விட்டால் முழுக்க இறங்கியது. ஆக, கோளாறு முன் சக்கரத்தில்தான், அதுவும் இரண்டு பக்கமும். ரப்பர் ஹோஸ் உப்புகிறதா என்று கையால் பிடித்துப் பார்த்தேன். இல்லை. இடம் தெரிந்துவிட்டது, காரணம் தெரியவில்லை. வெளியே வெயில் இறங்க ஆரம்பித்திருந்தது. கஸ்தூரி செல்போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். தங்கச்சி வீட்டுக்காரருக்குப் போட வேண்டிய போன் அது என்று எனக்குத் தெரியும்.

கடைசியாக ஒரு முறை ஏர் எடுக்கலாம் என்று தரையில் கோணியை விரித்துப் படுத்தேன். எழுந்திருக்கும்போது முட்டியைப் பிடித்துக்கொண்டு முனகினேன். கஸ்தூரி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

"இன்னா அண்ணா, முட்டி வலிய வெச்சிகினு எதுக்கு படுத்து படுத்து எழுந்துக்கிறீங்க? போன தபா ஸ்டூல் போட்டு உக்காந்துகினே பண்ணீங்களே."

அப்படியே நின்றுவிட்டேன். அவள் சொன்னது சரி. இந்த வண்டிக்கு முன் பிரேக்கில் ஏர் எடுக்க நான் ஒருநாளும் படுத்ததில்லை. சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் காலிபரின் மேல் பக்கத்தில்தான் நிப்பிள் இருக்கும். உட்கார்ந்தபடி கையை மேலே விட்டால் போதும். இன்றைக்கு ஏன் படுத்தேன்? நிப்பிள் கீழே இருந்தது, அதனால் படுத்தேன். பூஜைக்காகக் காலிபர்மேல் பளபளவென்று அடித்த சிவப்புப் பெயிண்டில் என் கண் போயிருந்ததே தவிர, நிப்பிள் இருக்கும் இடத்தில் போகவில்லை.

"மச்சான், பெயிண்ட் அடிக்க காலிபர கழட்டுனியா?"

"ஆமா மாமா. ஹோஸோட அடிச்சா நீட்டா வராது. ரெண்டையும் கழட்டி, கழுவி, கொடில கட்டி காய வெச்சேன்."

கொடியிலிருந்து இறக்கும்போது இடது வலது மாறிவிட்டது. இந்த மாடலில் இரண்டும் இரண்டு பக்கமும் ஒழுங்காக உட்காரும். போல்ட்டும் சரியாக ஏறும். மாறுவது நிப்பிள் மட்டும்தான். மேலே இருக்க வேண்டியது கீழே வந்துவிடும். தண்ணீர் பாட்டிலில் அடியில் ஓட்டை போட்டால் தண்ணீர்தான் வரும், மேலே இருக்கும் காற்று அங்கேயே இருக்கும். நான் பாட்டில் பாட்டிலாக நல்ல ஆயிலை எடுத்துக்கொண்டிருந்தேன், காற்று மேலே சொகுசாக உட்கார்ந்திருந்தது. வண்டியை அழகு பண்ணப் போய், பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை.

தனசேகரின் முகம் தொங்கிவிட்டது. நேராகப் போய், சிவப்புத் துணிமேல் மிச்சம் இருந்த ஸ்பேனர்களில் காலிபர் போல்ட்டுக்கு வேண்டியதை அவனே எடுத்து, சந்தனத்தை அவனே துடைத்து, வலது சக்கரத்துக்கு முன்னால் உட்கார்ந்தான். நான் இடது பக்கம் உட்கார்ந்தேன். காலிபரை இடம் மாற்றிப் போட்டு, நிப்பிளைத் திறந்ததும் ட்யூபில் குமிழி குமிழியாகப் பொங்கியது. அதைப் பார்த்து நான் சத்தம் போட்டுச் சிரித்தேன். கஸ்தூரி மிதித்தாள். பாதியில் பெடல் நின்றது.

"ஏறி நின்னா கூட எறங்காது போல கீதே," என்றாள்.

நசரத்பேட்டை வரை அவளையே ஓட்டச் சொல்லி நான் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். பெங்களூர் ரோட்டு சர்வீஸ் ரோட்டில் வண்டி வராத இடமாகப் பார்த்துத் திரும்பத் திரும்ப பிரேக் அடித்துப் பார்த்தோம். சொன்ன இடத்தில் நின்றது. திரும்பி வரும் வழியில் தங்கச்சிக்குப் போன் போட்டு, "நம்ம வண்டிதான். ரெடியா இரு," என்று மட்டும் சொன்னாள்.

4. சந்தனம்

மறுநாள் பகலெல்லாம் எனக்கு வேலை ஓடவில்லை. பிரேக் சரி என்று கை சொல்கிறது, மனசு கேட்கவில்லை. இந்நேரம் மலை ஏறியிருப்பாள், இந்நேரம் இறங்குவாள் என்று செல்போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். தனசேகரும் அப்படித்தான் இருந்தான்.

சாயங்காலம் கஸ்தூரியின் கார் வாசலில் வந்து நின்றது. ஹேண்ட் பிரேக்கை இழுக்காமல், காலால் மிதித்தே நிறுத்தினாள். அந்த ஒரு காட்சிக்கே எனக்கு மூச்சு வந்தது.

"ஊட்டுக்கு கூட போல அண்ணா. நேரா இங்கதான் வரோம்," என்று லட்டை நீட்டினாள். "எறங்கும்போது வளைவுக்கு வளைவு உங்களத்தான் நெனச்சிகினேன். தங்கச்சி ஊட்டுக்காரரு கீழ வந்ததும், திரும்பி போறதுக்கும் நீயே ஓட்டிடுன்னு சொல்ட்டு பின் சீட்ல தூங்கிட்டாரு."

பின் சீட்டில் அவர் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தார். தங்கச்சி மடியில் குழந்தை விழித்துக்கொண்டிருந்தது. காதில் புதுத் தோடு. மொட்டைத் தலை நிறையச் சந்தனம், காய்ந்து வெடித்திருந்தது.

இனி என் அனுபவத்தை இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். பெடல் பஞ்சாக இருந்தால், ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் கடைசியாக அந்த வண்டியில் யார் எதைக் கழற்றினார்கள் என்று கேளுங்கள். ஏர் எடுப்பதற்கு முன் நிப்பிள் மேலே இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். தனசேகர் இப்போது காலிபரைக் கழற்றாமல்தான் பெயிண்ட் அடிக்கிறான். ஓரத்தில் கொஞ்சம் வழிகிறது, வழியட்டும்.

அன்று அவன் காருக்குள் எட்டிப் பார்த்து, குழந்தையின் தலையை ஒரு விரலால் தொட்டான். விரலில் ஒட்டிய சந்தனத்தைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினான்.

"நேத்து ஸ்பேனர்லேந்து தொடச்சதெல்லாம் எங்க போச்சுன்னு பாத்தேன் மாமா. இங்க கீது."