கடைசி வீட்டின் பிட்

அக்காவின் ஊர் திருச்சுழியைத் தாண்டி பஸ்ஸில் அரை மணி நேரம். தெருவிலேயே அவள் வீடுதான் கடைசி, அதற்கப்புறம் கருவேலங்காடு. வாரத்துக்கு இரண்டு நாள் குழாய்த் தண்ணீர் விடுவார்கள். மேட்டு வீடு என்பதால் அங்கே ஏறி வருவதற்குள் நிறுத்தியும் விடுவார்கள். படுத்த படுக்கையாகக் கிடக்கிற மாமியாரை அவள் தினமும் குளிப்பாட்ட வேண்டும். தண்ணீரில் மற்ற எல்லாச் செலவும் அதற்குப் பிறகுதான்.

நான் அருப்புக்கோட்டையில் ஒரு மாடியறையில் உட்கார்ந்து, நேரில் பார்த்தேயிராத ஒரு சின்னக் கம்பெனிக்கு புரோகிராம் எழுதிக்கொடுக்கிறவன். இருபது வருடமாக இதே வேலை. கழுத்தும் போயாயிற்று, ஆர்வமும் போயாயிற்று. அப்போது கையில் இருந்தது, ஊர்களில் தண்ணீர் விடுகிறவர்களுக்குக் கொடுக்கும் ஒரு சின்ன மிஷின். வீட்டுக்கு ஒரு பிட். தண்ணீர் வந்தால் ஒன்று, வராவிட்டால் பூஜ்யம். பூஜ்யம் விழுந்த வீட்டுக்கு மறுநாள் தண்ணீர் லாரி போகும். மிஷினில் இடம் ரொம்பக் கொஞ்சம் என்பதால் சி மொழியில், எட்டு வீட்டை ஒரு பைட்டுக்குள் அடைத்து, பிட்மேப்பாக, அதாவது ஒன்றும் பூஜ்யமுமான ஒரே வரிசையாக, எழுதியிருந்தேன். அக்கா ஊருக்கும் அது போகிறது என்று அவளிடம் பெருமையடித்தும் வைத்திருந்தேன்.

ஊருக்கு இரண்டு ஆள், இரண்டு மிஷின். இரண்டு பிட்மேப்பையும் ஒன்றாக்கி ஒரே பட்டியல் எடுக்க ‘மெர்ஜ்’ வேண்டும் என்று கம்பெனியில் சொன்னார்கள். ஆளுக்குப் பாதி ஊர் பார்ப்பார்கள் என்றார்கள். கேட்டுக்கொண்டேன். வேலை முடிந்தால் போதும் என்றிருந்தது எனக்கு.

ஒரு மிஷினில் புது வீடுகளைச் சேர்த்திருப்பார்கள், இன்னொன்றில் இருக்காது. குட்டையான வரிசையின் அளவுக்கு ஓட்டினால் நீளமானதன் வால் அறுந்துபோகும். அந்த வாலைக் காப்பாற்ற மூன்று நாள் மல்லுக்கட்டினேன். ஃபேன் அனலைத்தான் சுற்றிச் சுற்றி அடித்தது. ஒன்றாக்குகிற வரிக்கு மட்டும் அரை நொடிகூட யோசிக்கவில்லை. சி மொழியில் ‘அல்லது’ என்று அர்த்தமாகிற ஒரு நெட்டுக்கோடு போட்டேன். இருவரில் யார் ஒன்று போட்டிருந்தாலும் அந்த வீட்டுக்கு ஒன்று. சோதனைகள் எல்லாம் தேறின. அனுப்பிவிட்டு மத்தியானமே படுத்துத் தூங்கினேன்.

ஒரு மாதம் கழித்து அக்கா போன் செய்தாள்.

“ஏன்டா தம்பி, மிஷினு வந்ததுல இருந்து எங்க வீட்டுக்கு லாரியே வரலையேடா. நோட்டுல எழுதுனப்பவாச்சும் வந்துச்சு.”

“குழாய்ல வந்திருக்கும்க்கா.”

“வந்தா உன்கிட்ட ஏன்டா கேக்கப்போறேன்? அத்தையத் துணிய நனைச்சுத் தொடைச்சுத்தான் விடுறேன். முதுகெல்லாம் புண்ணு.”

எனக்குக் கோபம் வந்தது, அவள் மேல்தான். மிஷின் தப்புச் செய்யாது என்று காட்டத்தான் மறுநாள் பஸ் ஏறினேன்.

மிஷின் வைத்திருந்த இருவரில் வால்வு திறக்கிறவர் ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னார். “தொறந்த கையோட தெரு முழுக்க ஒண்ணு போட்டுருவேன் தம்பி. தொறந்துட்டா தண்ணி விட்டாச்சுன்னுதான அர்த்தம்?”

இன்னொருவர் சைக்கிளில் கடைசி வரை போய், குடத்தில் தண்ணீர் விழுகிறதா என்று பார்த்த பிறகே மிஷினை அமுக்குகிறவர். “மேட்டு வீட்டுக்கு நான் ஒவ்வொரு தடவையும் பூஜ்யந்தான் போட்டேன்” என்றார்.

ஊரை யாரும் பாதியாகப் பிரித்துக்கொள்ளவே இல்லை. ஒருவர் விட்டேன் என்பார், மற்றவர் வந்து சேர்ந்தது என்பார். இருவரும் சொன்னால்தான் நோட்டில் தண்ணீர் வந்ததாக ஏறும். இதை ஒரு டீ குடிக்கிற நேரத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கலாம். நான் கேட்கவில்லை. சைக்கிள்காரர் போட்ட பூஜ்யத்தை எல்லாம் வால்வுக்காரரின் ஒன்று விழுங்கியிருக்கிறது. விழுங்கச் சொன்னது நான்.

அன்றைக்கே திருத்தி அனுப்பினேன். நெட்டுக்கோட்டை அழித்துவிட்டு ‘அண்ட்’ குறி. இருவரும் ஒன்று போட்டால்தான் ஒன்று. மாற்றியது ஒரே ஒரு எழுத்து என்பதால் கம்பெனியில் ஏன் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

அடுத்த வாரம் அக்கா கூப்பிட்டாள். குரலே வேறாக இருந்தது.

“லாரி வந்துருச்சுடா! ரெண்டு டிரம்மும் நெறைஞ்சிருச்சு. அத்தையத் தலைக்கு ஊத்திக் குளிப்பாட்டி விட்டேன். ‘ஒந்தம்பி நல்லா இருக்கட்டும்’னு சொன்னாக. நீதான் பேசி வர வச்சேன்னு தெரு முழுக்கச் சொல்லிட்டேன்.”

ஒரு மாதம் வரவிடாமல் செய்ததும் நான்தான் என்று சொல்ல வாய் எடுத்தேன். “சரிக்கா” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். வெட்கமாக இருந்தது.

முதுகுப் புண் ஆற இன்னும் இரண்டு மாதம் ஆனது. அதுவும் அவளாகச் சொல்லித்தான் தெரியும். நான் கேட்கவில்லை.