எந்த மாமா?

லிஃப்ட் நடுவழியில் நின்றுபோனால் உள்ளே இருப்பவர்கள் கடவுளைக் கூப்பிடுவார்கள். வாட்ச்மேன் மட்டும் லிஃப்ட் அக்காவைக் கூப்பிடுவார். வந்து சேர்வது எப்போதும் அக்காதான்.

இடுப்பில் சாவிக்கொத்து, கையில் வெளிக்கதவைத் திறக்கும் முக்கோணச் சாவி. "யாரும் குதிக்காதீங்க, காத்து தாராளமா இருக்கு, இதோ வந்துட்டேன்" என்று வெளியிலிருந்து ஒரு குரல் கொடுப்பாள். அந்தக் குரலிலேயே பாதிப் பேருக்கு உயிர் வந்துவிடும்.

அவளே ஒருமுறை நடுவழியில் மாட்டிக்கொண்டு நின்றவள். கணவன் விபத்தில் போனபோது மகளுக்கு இன்னும் சரியாகப் பேச்சு வரவில்லை. இருவர் சம்பளமும் ஒரே வங்கிக் கணக்கில் விழுந்துகொண்டிருந்தது. கொழுந்தனார் "எங்க அண்ணன் காசுல எங்களுக்கும் பங்கு இருக்கு" என்று ஒரு மனுவைத் தட்டிவிட்டார். கணக்கு முடங்கியது.

"சார், அதுல கிடக்கறது என் சம்பளமும்தான். லிஃப்ட் கூண்டு மேல தொங்கிச் சம்பாதிச்சது."

கண்ணாடி அறைக்குள் இருந்த வங்கி மேலாளர் அனுதாபமாகத்தான் பேசினார். "புரியுதும்மா. ஆனா சிஸ்டம் விட மாட்டேங்குது. வீட்ல ஆம்பளைங்க யாராச்சும் இருந்தா கூட்டிட்டு வாங்களேன்."

சிஸ்டம் என்ற அந்த ஆசாமி எந்த அறையில் உட்கார்ந்திருக்கிறான் என்று கடைசிவரை யாரும் காட்டவில்லை. உழைத்தவள் வெளியே நிற்க வேண்டும், உழைக்காதவன் எழுதிய ஒரு காகிதம் உள்ளே போய் நாற்காலியில் உட்காரும். இதற்குப் பெயர் பாதுகாப்பாம். மகளுக்குப் பால் வாங்க அவள் பக்கத்து வீட்டில் கைநீட்டிய நாட்களில் அந்தக் கணக்கு மிகவும் பாதுகாப்பாகத்தான் இருந்தது.

கணக்கு ஒருவழியாகத் திறந்த பிறகு, உடன் வேலை செய்த எலெக்ட்ரீஷியன் அவளுக்கு பிட்காயினைப் பற்றிச் சொன்னார். அவர் பட்டப்பெயர் ஓம்ஸ். மந்திர ஓம் அல்ல, மின்தடையை அளக்கும் ஓம்.

"கம்பெனிக்காரன் ஆப்ல போட்டு வெச்சா அவன் இன்னொரு மேனேஜர், அவ்வளவுதான். அதுக்குன்னே ஒரு சின்னக் கருவி விக்குது, அதுல நீயே வெச்சுக்கோ. முக்கோணச் சாவிய வாட்ச்மேன்கிட்ட குடுத்துட்டா வீட்டுக்குப் போற?"

"விலை எறங்கும்னு சொல்றாங்களே அண்ணே?"

"ஏறும், எறங்கும். அழக்கூடாது."

"என் பொழப்பே ஏறி எறங்கறதுதானே."

ஓம்ஸ் சிரிக்கவில்லை. "ஒண்ணு மட்டும் கேட்டுக்கோ. கருவி தர்ற பன்னெண்டு இங்கிலீஷ் வார்த்தைதான் சாவி; கருவி ஒடஞ்சாலும் அத வேற கருவியில தட்டினா காசு வந்துடும். அது போச்சுன்னா எந்த வாசல்லயும் போய் அழ முடியாது. தகட்டுல பொறிச்சு வை."

வீட்டுச் செலவுக்கும் அவசரத்துக்கும் வங்கியில் வைத்துக்கொண்டு, மிச்சத்தை மட்டும் கட்டைவிரல் அளவுக் கருவியில் சேர்த்து வந்தாள். என்றாவது சொந்தமாக ஒரு லிஃப்ட் பழுதுபார்க்கும் கடை. அதுதான் கனவு. ஆனால் தகடு விஷயத்தில் ஓம்ஸ் பேச்சைக் கேட்கவில்லை. எழுதி வைத்தால் கொழுந்தனார் கண்ணில் படும் என்று பயம். ஆங்கிலச் சொல் நாக்கில் ஒட்டாததால், பன்னிரண்டையும் தமிழாக்கிக் கோத்து ஒரு கதை கட்டினாள். அதை மறக்காமலிருக்க யாரிடம் சொல்வது? மகளுக்குச் சோறூட்டும்போதெல்லாம் சொன்னாள். மகள் வளர்ந்தாள், கதையும் கூடவே வளர்ந்தது.

கடைக்கு இடம் அமைந்து, முன்பணம் கொடுக்க வேண்டிய வாரத்தில், ஏழாவது மாடியில் குனிந்தபோது சாவிக்கொத்து நழுவியது. லிஃப்டுக்கும் தரைக்கும் நடுவே இருக்கிற அந்த ஒற்றை விரல் இடுக்கு! ஊரார் சாவியையெல்லாம் அடிக்குழியில் இறங்கிப் பொறுக்கிக் கொடுத்தவள், அன்று தன்னுடையதற்காக இறங்கினாள். சாவிகள் பிழைத்தன. கொத்தில் தொங்கிய கருவி சுக்குநூறாகிக் கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் புதுக் கருவியோடு தாயும் மகளும் சமையலறைத் தரையில் உட்கார்ந்தார்கள்.

"வார்த்தைய சொல்லும்மா."

"மாமா சைக்கிள்ல வந்தாரா, குரங்கு குடை பிடிச்சுதா..."

மகள் வாயைப் பிளந்தாள். "அடிப்பாவி அம்மா! வெங்காயத்தப் பார்த்து நிலா அழுத கதையா? நான் தின்ன ஒவ்வொரு வாய் சோத்துலயும் நம்ம சொத்தா இருந்துச்சு?"

பன்னிரண்டையும் ஆங்கிலத்தில் தட்டினாள். தவறு என்றது கருவி. மறுபடி தட்டினாள். மறுபடி தவறு. அம்மாவின் முகம் வெளுத்தது. அன்று வங்கியில் குறைந்தபட்சம் முறையிட ஒரு மேலாளராவது இருந்தார். இங்கே சாவியும் அவள், பூட்டும் அவள், தொலைத்தவளும் அவளே.

"ஒவ்வொண்ணாப் பார்ப்போம். குரங்கு குரங்குதான், நிலா நிலாதான்." மகள் விரல் திரையில் நின்றது. "மாமாவுக்கு 'அங்கிள்'னு போட்டேன். சின்ன வயசுலேர்ந்தே நம்ம வழுக்கை மாமாதான் சைக்கிள்ல வர்ற மாதிரி நெனப்பேன். அவர்தானே?"

அம்மா முந்தானை நுனியை முறுக்கினாள்.

"எந்த மாமாம்மா?"

அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். காது சிவந்திருந்தது. "உங்கப்பாவ நான் எப்படிக் கூப்பிடுவேன்னு உனக்கு எங்க தெரியும்... நீ கைக்குழந்த."

"ஐயோ! அப்பாவ மாமான்னா கூப்பிடுவ?"

"வீட்டுக்குள்ள மட்டும்தான்டி!"

மகள் சிரித்துக்கொண்டே அழித்துவிட்டு, 'ஹஸ்பண்ட்' என்ற ஆங்கிலச் சொல்லைத் தேடிப் போட்டாள். கருவி திறந்தது. சேர்த்ததெல்லாம் அப்படியே இருந்தது. யாரும் மனு கேட்கவில்லை. ஆண்பிள்ளையைக் கூட்டி வரச் சொல்லவில்லை.

மகள் அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டு, "அப்பா நெஜமாவே சைக்கிள்ல வருவாரா?" என்று கேட்டாள். அதுவரை அவள் கேட்காத கேள்வி. அம்மா சொல்லத் தொடங்கினாள். சோறு ஆறிப்போனது.

பிறகு பணத்தைப் புதிய பன்னிரண்டு சொற்களுக்கு மாற்றினார்கள். அதனால்தான் பழைய கதையை இங்கே எழுத முடிகிறது. ஓம்ஸ் கடன் கொடுத்த எழுத்து உளிகளால், இம்முறை ஆங்கிலத்திலேயே, இரண்டு தகடுகளில் பொறித்தார்கள். ஒன்று அம்மாவிடம், ஒன்று மகளிடம். கடைத் திறப்பன்று முதல் டீ ஓம்ஸுக்கு. "நீங்க சொன்னதக் கேட்டதுக்கு நீங்கதான் காரணம், கேக்காததுக்கு நான்தான் காரணம் அண்ணே" என்றாள். "அது போதும், சர்க்கரை கம்மி" என்றார் அவர்.

மிஞ்சிய தகட்டுத் துண்டில் இன்னொரு சொல்லையும் அடித்துக் கடைச் சாவியில் கோத்திருக்கிறாள். எதையும் திறக்காத, எதையும் பூட்டாத சொல். வருகிறவர்கள் எடுத்துப் பார்ப்பார்கள்.

"மாமாவா? கடை உங்க மாமாவோடதா அக்கா?"

"கடை என்னோடது," என்பாள். "மாமாவும் என்னோடதுதான்."