நாலாம் நம்பர் கிரீம்

எங்கள் சித்தப்பாவின் தலைமுடி பகலெல்லாம் அவருடன் பனியன் கம்பெனிக்குப் போய்வரும். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் நூல் சுற்றி வரும் ஒரு காலி அட்டைக் கோனின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். அந்தக் கோனைச் சுற்றி வெட்டுத் துணியைக் கட்டி, ஒரு சின்னத் தலை மாதிரி செய்து வைத்திருந்தார். நான் அப்போது மூன்றாம் வகுப்பு. எல்லார் வீட்டுச் சித்தப்பாக்களுக்கும் முடி கழற்றி மாட்டுகிறதுதான் என்று வெகுநாள் நினைத்திருந்தேன்.

சித்தப்பாவுக்கு முப்பது வயது ஆகும் முன்னாலேயே முன்தலை வழுக்கையாகிவிட்டது. இரண்டு இடத்தில் பெண் பார்க்கப் போனார். இரண்டு இடத்திலும் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பதில் தெரிந்துவிட்டது. ஒரு வீட்டில் காபிகூடக் கொடுக்கவில்லை. அதற்குப் பிறகுதான் கோயம்புத்தூர் போய் இந்த முடியை வாங்கி வந்தார். மெல்லிய வலையில் முடியைக் கோத்து, ஓரமெல்லாம் இருபக்கமும் ஒட்டும் டேப் வைத்துத் தலையில் ஒட்டிக்கொள்வது.

மூன்றாவதாக அவிநாசியில் ஒரு இடம் வந்தது. அந்தப் பெண் ஒரு கம்பெனியில் ஓவர்லாக் மிஷின் தைக்கிறவர்.

"முடி விசயத்தைச் சொல்லாமப் போறது நல்லா இருக்குமுங்களா தம்பி?" என்று அம்மா கேட்டார்.

"சொல்லாம இருப்பனுங்களா அண்ணி? நானே சொல்றேன். அதுக்கு முன்னால அரை மணி நேரம் என்ற மூஞ்சியப் பார்த்து நாலு வார்த்தை பேசட்டும். இதுவரைக்கும் எல்லாரும் தலையத்தானுங்களே பார்த்தாங்க!"

ஆக, அந்த அரை மணி நேரம் முடி ஒழுங்காக உட்கார்ந்திருக்க வேண்டும். ஆனால் அதுவோ நாலு மாதத்தில் காய்ந்து தேங்காய் நார் மாதிரி ஆகிவிட்டது. நம் தலையில் முளைத்த முடிக்கு உள்ளேயிருந்து எண்ணெய்ப் பசை வரும். ஒட்டுகிற முடிக்கு எங்கிருந்து வரும்? வெளியேயிருந்துதான் எதையாவது போட்டாக வேண்டும். முடி விற்ற கடைக்காரர், "தண்ணி மாதிரி இருக்கற ஸ்ப்ரே மட்டும் போடுங்க, எண்ணெய்ப் பசை இருக்கறது எதுவும் ஆகாது" என்று ஒரு பாட்டிலும் கொடுத்து அனுப்பியிருந்தார்.

சித்தப்பா சும்மா நம்புகிற ஆள் இல்லை. கம்பெனியில் அவர் செக்கிங், தைத்து வருகிற பனியனில் குறை இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. "ஒருத்தர் சொன்னாருன்னு பாஸ் பண்றதுக்கு நான் எதுக்குக் கண்ணு செக்கரு?" என்றார் என்னிடம்.

துணிக்கு என்ன சோதனை உண்டோ அத்தனையும் அந்த முடிக்கு நடந்தது. பின்பக்கத்திலிருந்து கொஞ்சம் முடியைக் கத்தரித்து, ஐந்து சின்னக் கற்றையாக நூலால் கட்டி, ஒரு அட்டையில் வரிசையாக ஒட்டி நம்பர் போட்டார். ஒன்று தேங்காய் எண்ணெய். இரண்டு ஜெல். மூன்று கடைக்காரர் கொடுத்த ஸ்ப்ரே. நாலு, வெளிநாட்டிலிருந்து வந்த கூட்டாளி ஒருவர் கொடுத்த வழவழப்பான கிரீம். ஐந்து என்னவென்று அவருக்கே தெரியாது, டப்பாவில் எழுத்து அழிந்திருந்தது. ஒவ்வொன்றையும் தடவி, வெயிலில் வைத்து, வெள்ளை பனியன் துணியால் தேய்த்துக் கறை வருகிறதா என்று பார்த்தார். ஜெல் போட்டது கம்பி மாதிரி விறைத்தது. எண்ணெய் போட்டது துணியெல்லாம் கறை பண்ணியது. ஐந்தாவது நாறியது.

கடைசிச் சோதனை என்னுடையது. கண்ணைக் கட்டிவிட்டு, தொட்டுப் பார்த்து எது மெத்தென்று இருக்கிறது என்று சொல்லச் சொன்னார். துணியின் மென்மையைத் தொட்டுப் பார்க்கப் பெரியவர்கள் கை ஆகாதாம், காய்த்துப் போயிருக்குமாம். நான் மூன்றையும் நாலையும் மாற்றி மாற்றித் தடவினேன். பூனைக்குட்டி வாலைத் தொட்ட மாதிரி இருந்தது நாலு. "நாலுங்க சித்தப்பா!" என்றேன். அட்டையில் நாலுக்குப் பக்கத்தில் 'ஓ.கே.' என்று எழுதி, கீழே என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். என் வாழ்க்கையில் நான் போட்ட முதல் கையெழுத்து அதுதான்.

பெண் பார்க்கப் போன அன்றைக்குக் காலையில் கிரீமைத் தேய்த்துவிட்டதும் நான்தான். "ஓரம் வரைக்கும் நல்லாத் தேச்சு உடு கண்ணு" என்றார். ஓரம் வரைக்கும் தேய்த்தேன். கண்ணாடியில் பார்த்துவிட்டு, அப்பா, அம்மா, நான் எல்லாரையும் வேனில் ஏற்றி, மாப்பிள்ளை முறுக்கோடு முன்சீட்டில் உட்கார்ந்தார்.

பெண் வீட்டில் எங்களுக்கு நேர் மேலே ஃபேன் ஓடியது. முதல் பத்து நிமிடம் ரொம்ப நன்றாகப் போனது. பெண்ணின் அப்பா, "மாப்பிள்ளை செக்கிங்குங்களா? அப்ப எங்க புள்ள தெச்சதையெல்லாம் ரிஜெக்ட் பண்ணீருவீங்களே!" என்றார். "நல்லாத் தெச்சா நான் எதுக்குங்க ரிஜெக்ட் பண்றேன்?" என்றார் சித்தப்பா. எல்லாரும் சிரித்தார்கள். யாரும் அவர் தலையைப் பார்க்கவேயில்லை.

அந்தப் பெண் காபித் தட்டோடு வந்தார். சித்தப்பா டம்ளரை எடுத்தார். அப்போதுதான் நான் பார்த்தேன். ஃபேன் காற்றில் அவருடைய முன்முடியின் ஓரம் மெல்லத் தூக்கியது. படிந்தது. மறுபடி தூக்கியது. வாய்க்குப் போன டம்ளர் பாதியில் நின்றுவிட்டது. கையைத் தலைக்குக் கொண்டுபோனால் எல்லாரும் பார்ப்பார்கள், கொண்டுபோகாவிட்டால் முடி பறந்துவிடும். அந்த நாலாம் நம்பருக்குக் கையெழுத்துப் போட்டவன் நானாயிற்றே!

அந்தப் பெண் சித்தப்பாவை ஒரே ஒரு தடவை பார்த்தார். தட்டை வைத்துவிட்டு நேராகச் சுவருக்குப் போய் ஃபேனை நிறுத்திவிட்டார்.

"ஏன் கண்ணு, இந்த வெக்கையில ஃபேனை அமத்தறே?" என்றார் அவருடைய அம்மா.

"காப்பி ஆறிப்போயிருமுங்கம்மா."

பங்குனி மாத வெயில். அப்பா துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்கோ அந்தக் காபியைக் கும்பிட வேண்டும் போல இருந்தது. முடி தானாகப் படிந்துவிட்டது.

சித்தப்பா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். "உங்க புள்ளைகிட்ட ரெண்டு வார்த்தை பேசோணுமுங்க" என்றார். இருவரும் பின்வாசலில் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் போய் நின்றார்கள். சித்தப்பா என்னவோ சொன்னார். அவர் தலையில் கை வைப்பது தெரிந்தது. அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பதும் தெரிந்தது.

திரும்பி வந்தபோது முடி அவர் கையில் கைக்குட்டை மாதிரி மடிந்திருந்தது. தலை பளபளவென்று இருந்தது. "இதுதானுங்க நானு" என்றார், நிமிர்ந்து நின்று.

பெண்ணின் அப்பா மகளைப் பார்த்து, "கண்ணு?" என்று மட்டும் கேட்டார்.

அந்தப் பெண் நேராகச் சுவருக்குப் போய் ஃபேனைப் போட்டார். "வெக்கையா இருக்குதுங்கப்பா" என்றார்.

பெண்ணின் அப்பா சிரித்தார். எங்கள் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஃபேன் போட்டதற்கெல்லாம் ஏன் அழுகிறார் என்று எனக்குப் புரியவில்லை.

திரும்பி வரும்போது சித்தப்பா, "முடியச் சோதிச்சேன் கண்ணு, அதை ஒட்டியிருக்கற டேப்பைச் சோதிக்காம உட்டுட்டேன். எண்ணெய்ப் பசை பட்டா டேப்பு நிக்குமா? துணியப் பார்த்துட்டுத் தையலப் பார்க்காத செக்கரு நான்!" என்று சொல்லிச் சிரித்தார். இப்போதெல்லாம் அவருக்குத் தண்ணி ஸ்ப்ரேதான். வாங்குவது சித்தி.

அந்தச் சித்தியைப் பற்றி வேனிலேயே நான் நற்சான்று கொடுத்தேன். "அந்தக்காவுக்கு நல்ல புத்திங்கம்மா. காப்பி ஆறக்கூடாதுன்னு அமத்துனாங்க. குடிச்சு முடிச்சதும் போட்டுட்டாங்க பாருங்க!"

எல்லாரும் ஏன் அவ்வளவு சிரித்தார்கள் என்று தெரியாமல் நானும் சிரித்தேன். இத்தனைக்கும் கிளம்பும்போது அதைப் பார்த்தவன் நான்தான். சித்தப்பாவின் காபி வாய்படாமல், ஆறி, ஏடு கட்டி, டம்ளர் நிறைய அப்படியே இருந்தது.